ஏற்காடு பஸ்ஸில் பாட்டுக் கேட்பது எப்படி

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கையடக்கப் பாட்டுக் கருவிகளைச் சோதிக்க இதைவிடக் கடுமையான இடம் எனக்குத் தெரியாது. வாக்மேன் காலத்திலிருந்து அந்த பஸ்ஸில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறவன் என்பதால், எது குலுங்கினால் எது கெடும், அதற்கு என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்றுதான் இந்தக் கருவிகளைப் பற்றி யோசிப்பேன்.

கேசட் பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கொண்டுவந்தது, அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்க வைத்தது 1979 ஜூலையில் வந்த சோனி வாக்மேன். இரும்பு ஆக்சைடு பூசிய நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில், பதிவைப் படிக்கும் பாகமான ஹெட்டை உரசிக்கொண்டு போகும்; பூச்சில் பதிந்த காந்த ஏற்ற இறக்கம் ஹெட்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் சின்ன மின்சாரமாக மாறும், அதைப் பெருக்கினால் பாட்டு. நாடா ஹெட்டோடு ஒட்டியே ஓடுவதால் பஸ் பள்ளத்தில் இறங்கினாலும் பாட்டு நிற்காது. ஆனால் கருவியை வேகமாக ஆட்டினால் உள்ளே சுழலும் சக்கரத்தின் சீர் கெட்டு சுருதி அலையும், பேட்டரி இறங்கினால் மோட்டார் தளர்ந்து பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவார். ஐந்து ரோடு பக்கம் பாட்டுப் பதிந்து தந்த கடைக்காரர், "வாக்மேனுக்கு நைன்ட்டி வேண்டாங் கண்ணு, சிக்ஸ்டியே வாங்கிக்க" என்பார். 90 நிமிட நாடாவையும் அதே கூட்டுக்குள் அடக்க வேண்டும், அதனால் அது மெல்லியது, சீக்கிரம் சிக்கிக்கொள்ளும். நான் கேட்கவில்லை, இரண்டு கேசட் போனது.

அப்புறம் சிடி. இதில் எதுவும் எதையும் தொடாது, லேசர் ஒளிதான் தட்டில் இருக்கும் நுண்ணிய பள்ளங்களைப் படிக்கும். அந்தப் பள்ள வரிசைகளுக்கு நடுவே இடைவெளி வெறும் 1.6 மைக்ரான், ஒரு தலைமுடி அகலத்துக்குள் நாற்பது வரிசை போல அடங்கிவிடும்! அடிவாரம் தாண்டி முதல் குலுக்கலிலேயே மாமா மகனின் சிடி பிளேயர் வழி தவறி வாயடைத்துப்போனது. இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூர்த் தண்ணீர் வரும்போது தொட்டியை நிரப்பிக்கொண்டு, வராத நாளில் அதிலிருந்து மொண்டு புழங்குகிறோமே, அதேதான். தட்டை வேகமாகச் சுழற்றிப் பத்து நொடிப் பாட்டை முன்கூட்டியே படித்து ஒரு நினைவகச் சில்லில் சேர்த்துவிடுவார்கள். லேசர் தடுமாறி மறுபடி வழி பிடிக்கும்வரை தொட்டியிலிருந்து பாட்டு வரும்.

2001 அக்டோபரில் ஆப்பிள் அறிமுகம் செய்த ஐபாடு என்ற பாட்டுக் கருவியும் உள்ளே ஒரு சின்ன ஹார்டு டிஸ்க்கை வைத்துக்கொண்டு இதே வேலையைத்தான் செய்தது, தொட்டிதான் பெரிது. டிஸ்க் கொஞ்ச நேரம் சுழன்று 32 எம்பி நினைவகத்தை நிரப்பிவிட்டுத் தூங்கிவிடும், பேட்டரியும் மிச்சம்.

32 எம்பிக்குள் அரை மணி நேரப் பாட்டு அடங்கியது, பாட்டுக் கோப்பைச் சுருக்கும் எம்பி3 முறை தந்த தைரியம். பஸ் முதல் கியரில் உறுமி ஏறும்போது பக்கத்து சீட்டுக்காரர் பேசுவது காதில் விழாது இல்லையா, அதுபோல பாட்டிலும் ஓங்கிய ஒலி பக்கத்திலிருக்கும் மெல்லிய ஒலியை மறைத்துவிடும். எப்படியும் கேட்காததை எதற்கு நுணுக்கமாகச் சேமிக்க வேண்டும் என்று கழித்துக்கட்டினால், சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் பிடித்த பாட்டு 128-இல் முடிந்துவிடும். சுத்தமான காதுள்ளவர்கள் குறை சொல்வார்கள். மலை ஏறும் பஸ்ஸில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

குலுக்கலை முழுசாக ஒழித்தது ஃப்ளாஷ் நினைவகம். பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாம் இந்த இனம். மின்காப்புப் பூச்சுக்குள் எலக்ட்ரான்களை அடைத்துவைக்கிறது, மின்சாரம் நின்றாலும் அவை வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும், சுழலவோ உரசவோ எதுவும் கிடையாது. மொபைல் கடையில் கார்டைக் கொடுத்தால் நானூறு பாட்டை ஏற்றித் தந்துவிடுவார்கள், 2 ஜிபி போதும்.

இப்போது பாட்டு போனில்கூட இல்லை, எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. மலை டவரை மறைக்கும் வளைவில் சிக்னல் போய்விடும், ஆப் முன்கூட்டி நிரப்பிய தொட்டி தீர்ந்ததும் திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். போன மாதம் எனக்கு அது சுற்றிக்கொண்டிருந்தபோது, பின்சீட்டில் எஸ்டேட்டுக்குப் போகும் அக்காவின் பட்டன் போனில் கார்டுப் பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அதையே கேட்டுக்கொண்டு போனேன்.