‘சக்கர டாங்கி’ அல்ல, காலாட்படைச் சண்டையூர்தி

எட்டுச் சக்கரம், மேலே சுழல்மேடை, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழல். இவை படத்தில் தெரிந்தால் போதும், அடியில் ‘சக்கர டாங்கி’ என்று போட்டுவிடுகிறார்கள். செய்தி, காணொளி, மொழிபெயர்ப்புக் கட்டுரை எதுவும் விலக்கில்லை. படத்தில் இருப்பது பெரும்பாலும் டாங்கியே அல்ல. காலாட்படைச் சண்டையூர்தி.

சொல்லின் வரலாறு சிறியது. சோவியத் ஒன்றியம் 1960களில் படையில் சேர்த்த பி.எம்.பி-1 என்ற ஊர்தியின் பெயரை விரித்தால் ‘காலாட்படையின் சண்டை எந்திரம்’ என்று வரும். ‘இன்ஃபன்ட்ரி ஃபைட்டிங் வெஹிக்கிள்’ என்ற ஆங்கிலப் பெயரின் பொருளும் அதுவே. நம்மிடம் காலாள் இருக்கிறது. தேர், யானை, குதிரையோடு நால்வகைப் படையில் எண்ணப்பட்ட பழஞ்சொல். ‘ஊர்தல்’ என்ற வினையில் பிறந்த ஊர்தியைச் சங்கப் பாடல்களிலேயே காணலாம். புதிதாகச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, இரண்டையும் சேர்த்தால் போதும்.

பொருள் வரையறையும் கைவசம் உண்டு. 1990இல் பாரிசில் கையெழுத்தான ஐரோப்பிய மரபுவழிப் படைகள் உடன்படிக்கை இவ்வகையைத் தெளிவாகப் பிரித்தது. காலாட்படைச் சிற்றணி ஒன்றை ஏற்றிச் செல்வதே முதன்மை நோக்கமாக இருக்க வேண்டும். குறைந்தது 20 மி.மீ. பீரங்கி ஊர்தியிலேயே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். டாங்கி எதிர்ப்பு ஏவுகணை இருந்தாலும் இருக்கலாம். 20 மி.மீ.க்குக் குறைந்த ஆயுதத்தோடு சிற்றணியைச் சுமப்பது வேறு வகை. அதற்கு ஈழத்துச் செய்தியாளர்கள் வழங்கிய ‘துருப்புக்காவி’ அருமையான சொல். தமிழ்நாட்டு ஏடுகள் அதை எடுத்துக்கொள்ளாதது நமக்குத்தான் இழப்பு.

‘சக்கர டாங்கி’யை ஆதரிப்போர் 2023 ஜனவரியைச் சுட்டுவார்கள். ஏ.எம்.எக்ஸ்-10 ஆர்.சி.யை உக்ரைனுக்குத் தருவதாக அறிவித்தபோது பிரான்சே அதை ‘இலகு டாங்கி’ என்றதே என்பார்கள். சொன்னது உண்மை. ஆனால் அது 105 மி.மீ. பீரங்கியும் நான்கு பேர் கொண்ட இயக்கக் குழுவும் உள்ள ஆறு சக்கர வேவு ஊர்தி. பின்னால் காலாட்படை வீரர்கள் உட்கார இடமே கிடையாது. அரசியல் மேடையில் அதற்குச் சூட்டிய பெயரைக் கொண்டுவந்து, வீரர்களை ஏற்றிச் செல்லும் எட்டுச் சக்கர ஊர்திகளான வி.பி.சி.ஐ.க்கும் பாக்ஸருக்கும் ஒட்டுவது எந்த வகையில் சரி?

டாங்கி என்றாலே சங்கிலிச் சக்கரம்தான் என்று எதிர்வாதம் செய்வதும் தவறு. உடன்படிக்கையின் பிற நிபந்தனைகள் பொருந்தினால் சக்கரத்தில் ஓடுவதும் டாங்கியாகவே கணக்கிடப்படும். அந்த நிபந்தனைகளில் ஒன்று, படைவீரர்களை ஏற்றிச் செல்வதற்கென்று அது வடிவமைக்கப்பட்டிருக்கக் கூடாது என்பது. ஆக, பெயரைத் தீர்மானிப்பது சக்கரம் அல்ல, உள்ளே அமரும் சிற்றணி.

இந்த ஊர்தியின் உடலமைப்பு முழுவதும் அந்தச் சிற்றணிக்காகவே அமைகிறது. எஞ்சின் முன்புறம் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்தால்தான் பின்புறத்தில் சாய்வுக்கதவு வைக்க முடியும். வீரர்கள் வண்டியின் மறைவிலேயே இறங்கலாம். ரஷ்யாவின் எட்டுச் சக்கர ஊர்தியான பி.டி.ஆர்-82ஏ.யில் எஞ்சின் பின்னால் இருப்பதால் பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்க வேண்டியிருக்கிறது; பக்கத்திலிருந்து சுடுபவனுக்கு நேர் இலக்காகிறார்கள். சுழல்மேடையில் ஆட்கள் அமர்ந்தால் அதன் அடிக்கூடை வீரர்களின் இடத்தைத் தின்னும். உள்ளிருந்தே இயக்கும் ஆளில்லா மேடை அந்த இடத்தை மீட்டுத் தருகிறது, ஆனால் தலையை வெளியே நீட்டிச் சுற்றும் பார்க்கும் வசதி போய்விடும். எல்லாமே கேமராவை நம்பித்தான். அடித்தட்டு ‘வி’ வடிவில் சரிவது கண்ணிவெடியின் வீச்சைப் பக்கவாட்டில் திருப்ப. வெடியதிர்ச்சி முதுகெலும்பை நேரடியாகத் தாக்காதிருக்க, இருக்கைகளைத் தரையில் பதிக்காமல் கூரையிலோ சுவரிலோ தொங்கவிடுகிறார்கள்.

டாங்கி என்று படித்தவர் டாங்கியின் தாங்குதிறனையே எதிர்பார்ப்பார். நேட்டோவின் ஸ்டானாக் 4569 தரநிலையில் நான்காம் நிலை என்பது 200 மீட்டரிலிருந்து வரும் 14.5 மி.மீ. கவசந்துளைக் குண்டையும், சக்கரத்தின் கீழ் வெடிக்கும், 10 கிலோ வெடிமருந்துள்ள கண்ணிவெடியையும் தாங்குவது. டாங்கியின் 125 மி.மீ. பீரங்கி எறியம் அந்தக் கணக்கிலேயே வராது. ‘டாங்கி நொறுங்கியது’ என்ற தலைப்பைப் பார்த்து வியப்பவருக்கு, நொறுங்கியது எதைத் தாங்கச் செய்யப்பட்டது என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. இதே காரணத்தால் ‘குண்டு துளைக்காத வாகனம்’ என்பதையும் கைவிட வேண்டும். எந்தக் குண்டு, எத்தனை மீட்டரிலிருந்து என்று சொல்லாமல் துளைக்காது என்பது வெறும் வாய்ச்சொல்.

ஓட்டத்திலும் இதே குழப்பம். சாலையில் மணிக்கு ஏறத்தாழ 100 கி.மீ. வேகம், தன் சக்கரத்திலேயே நெடுந்தூரப் பயணம், குறைந்த பராமரிப்பு: இவை சக்கரம் தரும் வரம். ஆழச் சேற்றில் சங்கிலிச் சக்கரத்துக்கு ஈடாகாது. எடை சில இடங்களிலேயே அழுந்துகிறது. ஓட்டுநர் உள்ளிருந்தே டயர்க் காற்றைக் குறைத்து மண்ணைத் தொடும் பரப்பைக் கூட்டலாம். திரும்பச் சாலை ஏறியதும் காற்றை நிரப்பாமல் வேகமெடுத்தால் டயர் சூடேறிக் கிழியும்.

‘கவச வாகனம்’ என்பது பிழையில்லை, ஆனால் சோம்பல். மருத்துவ ஊர்தியும் கட்டளை ஊர்தியும் அதற்குள் அடங்கும். தனித்தமிழ் அன்பர்கள் கவசத்தையும் விலக்கி ‘மெய்ம்மறை’ என்கிறார்கள். பழஞ்சொல்தான், ஆனால் விளக்கக் குறிப்பு இல்லாமல் இன்று யாருக்குப் புரியும்? கவசம் நிற்கட்டும். வாகனத்துக்குப் பதில் ஊர்தியைக் கேட்பது தூய்மைக்காக மட்டும் அல்ல. சண்டையூர்தி, மீட்பூர்தி, வேவூர்தி என்று ஒட்டி ஒலிப்பதால். ‘போர் ஊர்தி’ என்றால் களத்துக்குப் போகும் சரக்கு லாரியும் உள்ளே வந்துவிடும், எனவே சண்டை என்ற சொல்லை விடக் கூடாது.

மொழிபெயர்ப்பவர் படத்தை நம்பக் கூடாது. ஒரே ஸ்ட்ரைக்கர் (அமெரிக்காவின் எட்டுச் சக்கர ஊர்தி) உடலில் 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி இருந்தால் துருப்புக்காவி, 30 மி.மீ. பீரங்கி ஏறினால் சண்டையூர்தி. பாக்ஸரில் பின்பாதியையே கழற்றி வேறு பணிக்கூடு மாட்டலாம். உரிமையாளர் வைத்த பெயரும் வழிகாட்டாது: 30 மி.மீ. பீரங்கி இருந்தும் பி.டி.ஆர்-82ஏ.வை ரஷ்யர்கள் துருப்புக்காவி என்றே அழைக்கிறார்கள். குழலின் விட்டம் எவ்வளவு, பின்னால் எத்தனை பேர் அமர்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். இரண்டும் கிடைக்காவிட்டால் ‘எட்டுச் சக்கரக் கவச ஊர்தி’ என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள்.