செய்முறைத் தாளில் இரண்டு வரிகளை நீக்கிக் கொடுங்கள்

சிங்கப்பூரில் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை முடித்து உயர்நிலை ஒன்றுக்கு வரும் பிள்ளைகள் பலரிடம் அறிவியல் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும். ஏன் மூன்று முறை அளந்தாய் என்றால் "முடிவு நம்பகமாக இருக்க". ஏன் இரண்டு குவளையிலும் ஒரே அளவு தண்ணீர் என்றால் "நியாயமான சோதனையாக இருக்க". இரண்டும் சரி. ஆனால் ஒரு குவளையில் தண்ணீர் கூடிவிட்டால் இந்தச் சோதனையில் எது கெடும் என்று அடுத்த கேள்வி போட்டால், பதில் வராது.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. தொடக்கநிலை மூன்றிலிருந்து சேர்த்துவைத்த முக்கியச் சொற்கள் மதிப்பெண் வாங்கித் தந்திருக்கின்றன. உயர்நிலையில்தான் அவை போதாமல் போகின்றன. உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வில், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று தனித்தனியாக எடுக்கும் தனிப்பாட அறிவியலில் செய்முறைத் தேர்வுக்கு மட்டும் 20 விழுக்காடு. அங்கே திட்டமிடுவது, அளப்பது, தரவைப் பதிவது, வந்த முடிவில் எங்கே குறை என்று சொல்வது எல்லாம் சோதிக்கப்படும். இவற்றை உயர்நிலை நான்கில் தொடங்கிப் பழக நேரம் இருக்காது. முதல் இரண்டு ஆண்டுகளே சரியான காலம்.

வகுப்பில் சோதனைக்குக் கொடுக்கும் வழக்கமான செய்முறைத் தாளைப் பாருங்கள். என்ன கருவி, எவ்வளவு தண்ணீர், எத்தனை முறை, அட்டவணைக்கு எத்தனை கட்டம் என்று எல்லாம் அச்சிட்டே வரும். முடிவெடுக்க வேண்டிய இடம் அத்தனையிலும் தாளே முடிவெடுத்துவிடுகிறது, பிள்ளை கையை மட்டும் அசைக்கிறது. அதனால் நாங்கள் பரிந்துரைக்கும் முதல் மாற்றம் மிகச் சிறியது: தாளில் இரண்டே வரிகளை நீக்குங்கள். மொத்தத்தையும் எடுத்துவிட்டு "நீயே கண்டுபிடி" என்று விட்டால் வகுப்பு குழம்பி, ஒரு மணி நேரம் வீணாகும்.

ஊசல் சோதனையை எடுத்துக்கொள்வோம். நூலின் நீளத்தை 20, 40, 60, 80, 100 செ.மீ. என்று மாற்றி, ஒரு அலைவுக்கு, அதாவது ஒருமுறை போய்த் திரும்ப, ஆகும் நேரத்தைக் காண வேண்டும். "20 அலைவுகளுக்கு நேரம் எடு" என்ற வரியையும் "குண்டின் நடுப்புள்ளி வரை நீளத்தை அள" என்ற வரியையும் நீக்கிவிடுங்கள். பெரும்பாலான குழுக்கள் ஒரே ஒரு அலைவை அளக்கும். 40 செ.மீ. ஊசலுக்கு அது ஏறத்தாழ 1.27 வினாடிதான். ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும் விரலின் தாமதமே ஏறக்குறைய 0.2 வினாடி இருக்கும் என்பதால், ஒருவர் 1.1 என்பார், அடுத்தவர் 1.5 என்பார். எண்கள் கரும்பலகையில் ஏறிய பிறகு, "இந்தத் தாமதத்தை எப்படிச் சிறிதாக்கலாம்?" என்று மட்டும் கேளுங்கள். யாராவது ஒரு பிள்ளை "நிறைய ஆடவிட்டு வகுத்தால்?" என்று சொல்லும். அதே தாமதம் 20 அலைவுகளுக்குப் பங்கானால் ஒன்றுக்கு 0.01 வினாடிதான்.

அடுத்த தவறு இன்னும் பயனுள்ளது. குண்டை விட்டவுடன் "ஒன்று" என்று எண்ணத் தொடங்குவார்கள். அப்படி எண்ணினால் 20 சொல்லும்போது ஆடி முடித்தது 19 தான். 40 செ.மீ. நீளத்துக்கு 25.4 வினாடி வர வேண்டிய இடத்தில் 24.1, 24.2, 24.0 என்று வரும். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே எண். ஆனால் மூன்றும் தவறு! நம்பகத்தன்மை வேறு, துல்லியம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கமும் காட்டாது. இந்தத் தவறை முன்கூட்டியே எச்சரித்துத் தடுத்துவிடாதீர்கள். நடக்கட்டும். பிறகு, ஊசல் தாழ்புள்ளியைக் கடக்கும்போது "சுழியம்" என்று தொடங்கச் சொல்லி மீண்டும் அளக்கச் செய்யுங்கள்.

கணித்து, கவனித்து, விளக்கும் முறையும் நன்கு பலன் தரும், ஆனால் கணிப்பைக் காரணத்தோடு எழுதிய பிறகே சோதனை தொடங்க வேண்டும். வாயால் சொன்ன கணிப்பை முடிவு தெரிந்ததும் பிள்ளைகள் மாற்றிக்கொள்வார்கள். இதற்கு மிகப் பொருத்தமான சோதனை ஐஸ்கட்டி. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குவளைகளில் 200 மி.லி. தண்ணீர், ஒன்றில் 50 கிராம் உப்பைப் போட்டு முழுவதும் கரையும்வரை கலக்குங்கள். உப்பு கரையும்போது தண்ணீர் சற்றுக் குளிரும் என்பதால் 10 நிமிடம் விட்டு, இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு உணவு நிறம் சேர்த்து ஒரே தட்டில் உறையவைத்த இரண்டு கட்டிகளை ஒரே நேரத்தில் போடுங்கள். எது முதலில் உருகும்?

உப்பு ஐஸை உருக்கும் என்று எங்கோ கேட்டிருப்பதால், பலர் உப்புத் தண்ணீரைத்தான் சொல்வார்கள். ஆனால் வெறும் தண்ணீரில் இருப்பதுதான் முதலில் உருகும். காரணத்தை நிறமே காட்டிவிடும்: வெறும் தண்ணீரில் உருகிய குளிர்நீர் இழையிழையாகக் கீழே இறங்க, வெதுவெதுப்பான நீர் மேலே வந்து கட்டியைத் தொடுகிறது. உப்பு நீர் அடர்த்தி மிக்கது, அதனால் உருகிய நீர் இறங்க வழியின்றிக் கட்டியைச் சுற்றி மேலேயே குளிர்ப்படலமாக நிற்கிறது. சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் யாராவது கரண்டியை விட்டுக் கலக்கியதால்தான். கலக்கினால் அந்தப் படலம் உடைந்துவிடும். ஆசிரியர் இங்கே விளக்கத்தை அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. நிறம் போகும் திசையை வரையச் சொல்லி ஐந்து நிமிடம் பொறுத்தாலே போதும்.

வீட்டில் தமிழ் பேசும் பெற்றோருக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளை, சீனி கரைவதற்கும் வெண்ணெய் உருகுவதற்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போட்டு மதிப்பெண் இழப்பது சாதாரணம். தமிழில் நாம் தேநீரில் சீனி உருகியது என்று சொல்வதே இல்லை, கரைந்தது என்றுதான் சொல்கிறோம். அந்த வேறுபாட்டைச் சமையலறையில் பேசிக்காட்டுங்கள். ஐஸ் மட்டும் நம் பேச்சில் சில நேரம் "கரைந்துபோச்சு", அதையும் பிள்ளையையே திருத்தச் சொல்லலாம். மாறாக, "சூடு" என்ற சொல் வெப்பத்தையும் வெப்பநிலையையும் ஒன்றாக்கிவிடும். ஒரு கரண்டி கொதிநீரும் ஒரு பானை கொதிநீரும் ஒரே வெப்பநிலை, ஆனால் எது உன் குளியல் தண்ணீரைச் சூடாக்கும் என்று கேட்டால் விளங்கிவிடும்.

வீட்டில் ஒரு சோதனை செய்ய விரும்பினால், ஒரே அளவுள்ள மூன்று பருத்தித் துண்டுகளில் தலா 20 மி.லி. தண்ணீர் ஊற்றி, ஒன்றை விரித்தும், ஒன்றை இரண்டாகவும், ஒன்றை நான்காகவும் மடித்துப் போட்டு, சமையல் தராசில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுக்கலாம். மூன்றையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் செய்ய வேண்டும். சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் செய்தால் மடிப்பைச் சோதித்தீர்களா, காற்றைச் சோதித்தீர்களா என்று சொல்ல முடியாது. "நியாயமான சோதனை" என்ற மனப்பாட வரிக்கு இப்போதுதான் பொருள் கிடைக்கிறது.

அளந்த எண்களைக் கொண்டு வரையும் வரைபடத்தில் திருத்த வேண்டியவை சிலவே: புள்ளிகள் தாளில் பாதிக்கு மேல் பரவ வேண்டும், ஒரு கட்டத்துக்கு 3 அல்லது 7 என்ற அளவுத்திட்டம் கூடாது, புள்ளிக்குப் புள்ளி கோடு இழுக்கக் கூடாது. விலகி நிற்கும் புள்ளியை அழிக்க விடாமல், அந்த அளவீட்டை மட்டும் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

குறிப்பேட்டில் வெள்ளை மை வேண்டாம். தவறான எண்ணை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் புதிய எண்ணையும் ஏன் மாற்றினார் என்பதை ஒரு வரியிலும் எழுதட்டும். அந்த வரிக்கும் மதிப்பெண் கொடுங்கள்.