லேஅவுட் முடிந்தபின் எடிட்டரைத் தேடாதீர்கள்

டிசம்பர் வந்தால் என் போன் ஓயாது. "மேடம், நாவல் லேஅவுட் முடிஞ்சிடுச்சு, அட்டையும் ரெடி. பிழை மட்டும் ஒரு தடவை பார்த்துக் குடுத்துடுங்க, புத்தகக் காட்சிக்கு வந்தாகணும்." இந்த வருடமும் அப்படியொரு பிடிஎஃப் வந்தது. இதற்கு மேல் பொறுமை இல்லை, எழுதிவிடுகிறேன்.

பிழை பார்ப்பது வேறு, எடிட்டிங் வேறு. ஒற்று மிகுமா, சின்ன ரவா பெரிய றவா, பக்க எண் வரிசையாக வருகிறதா என்பதெல்லாம் மெய்ப்புப் பார்ப்பவரின் வேலை. அது கடைசியில் நடப்பது. எடிட்டர் அதற்கு வெகு முன்பே, வேர்டு கோப்பிலேயே உட்கார வேண்டியவர்.

அந்த நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1955-இல் ஒருவர் பத்து பைசா கொடுத்து டீ குடிக்கிறார். நயா பைசா வந்ததே 1957-இல்தான். அதுவரை அணாக் கணக்கு. 1968-இல் மயிலாப்பூரில் ஒரு குடும்பமே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975-இல். மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போன பெரியப்பா ஒன்பதாம் அத்தியாயத்தில் வந்து தாம்பூலம் மாற்றுகிறார். இதிலெல்லாம் எழுத்துப்பிழை ஒன்றுகூடக் கிடையாது! "பிழை மட்டும்" பார்த்தால் பெரியப்பா சௌக்கியமாக அச்சுக்குப் போய்விடுவார்.

இன்னொன்று, நாயகன் பெயரைக் கடைசி நேரத்தில் ரவியிலிருந்து குமார் என்று மாற்றியிருக்கிறார்கள், ஒரே சொடுக்கில். விளைவு, புத்தகம் முழுக்க 'இரவில்' எல்லாம் 'இகுமார்ல்'. வாசனைகூட எங்கும் 'பகுமார்யது'. சிரிப்பு வருகிறதா? எனக்கு அன்று வரவில்லை.

"எடிட்டர் கை வைத்தால் என் நடை போய்விடும்" என்று பயப்படுகிறவர்களும் உண்டு. 1974-இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் எடிட்டிங்குக்குப் பேர்போனவர். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-இல் அங்கேதான் வந்தது. அதன் வட்டார வழக்கு எங்கே போனது? அப்படியேதான் இருக்கிறது. நல்ல எடிட்டர் உங்கள் வரியைத் திருத்துவதைவிட, ஓரத்தில் கேள்வி எழுதுவதுதான் அதிகம். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதற்கு உங்களுக்கும் நேரம் வேண்டாமா?

லேஅவுட்டுக்குப் பிறகு ஒரு பத்தியை எடுத்தால் பின்னால் உள்ள பக்கமெல்லாம் நகரும், பொருளடக்கம் பொய்யாகும். நாலு பக்கம் கூடினால் பதினாறு பதினாறு பக்கமாக அச்சாகும் ஃபாரம் கணக்கு உதைக்கும், அச்சகத்தார் திட்டுவார். அதனால் எடிட்டரும் பார்த்தும் பாராததுபோல் விட்டுவிட நேரும்.

சரி, என்ன செய்யலாம்? ஜனவரியில் புத்தகம் வேண்டுமென்றால் ஜூன், ஜூலையில் பிரதியைக் கொடுங்கள். யூனிகோடில் கொடுங்கள், பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், மாற்றியபின் நீங்களே ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டு அனுப்புங்கள். ஊர், உறவு, வயது, வருடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தந்தால் கும்பிடு போடுவேன். ஒரே பிரதியை நாலு நண்பர்களிடம் கொடுத்து, நாலு கோப்பாகத் திருப்பி அனுப்பாதீர்கள். 'டிராக் சேஞ்சஸ்' போடாமல் திருத்தித் தருகிற எடிட்டரிடம் போகவே போகாதீர்கள். என்ன மாறியது என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அப்புறம் கூலி. பக்கத்துக்கு எவ்வளவு, எத்தனை சுற்று, எந்தத் தேதி என்று முதலிலேயே மெயிலில் பேசிக்கொள்ளுங்கள். "புத்தகம் வித்ததும் பார்த்துக்கலாம் மேடம்" என்பது வேண்டாம், தயவுசெய்து.