ஒரு 'ஹா?' வந்தால் பேச்சு ரிப்பேர் ஆகிறது

கோவையில் இருந்தபடி அமெரிக்க வாடிக்கையாளர்களோடு தினமும் போனில் பேசும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "எதிர்முனையில் இருப்பவர்கள் அடிக்கடி 'சாரி?' என்கிறார்கள். அதைக் கேட்டதுமே எனக்கு வாய் அடைத்துவிடுகிறது. என் ஆங்கிலம் அவ்வளவு மோசமா?"

அந்த 'சாரி?'யை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் தங்களுக்குள் பேசும்போதும் இதைத்தான் செய்கிறார்கள். மார்க் டிங்கமான்ஸே, நிக் என்ஃபீல்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆங்கிலத்தையும் சேர்த்து 12 மொழிகளில் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து 2015இல் ஒரு கணக்கு சொன்னார்கள். சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் பேச்சை நிறுத்தி "என்ன சொன்னே?" என்கிற மாதிரி ஏதாவது கேட்கிறார். வீட்டு மனிதர்களும் நண்பர்களும் பேசும் சாதாரணப் பேச்சிலேயே இந்த நிலை.

ஏன் இவ்வளவு அடிக்கடி? ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி பொதுவாக 200 மில்லி விநாடிதான். ஆனால் ஒரே ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே சுமார் 600 மில்லி விநாடி வேண்டும். ஆக, எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். இதில் ஒன்றிரண்டு சொல் நழுவத்தான் செய்யும்.

நழுவியதை எடுத்து ஒட்டவைக்கும் வேலைக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'ரிப்பேர்'. நம் ஊர் சைக்கிள் கடையில் சொல்கிறோமே, அதே ரிப்பேர்தான். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, கேட்பவர் தன் கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் விதம்.

ஒருவர் சாப்பாட்டு மேசையில், "கேரன் வியாழக்கிழமை டென்வருக்கு விமானத்தில் போகிறாள்" என்று ஆங்கிலத்தில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் "ஹா?" என்றால் எதுவுமே காதில் விழவில்லை என்று பொருள், சொன்னவர் வாக்கியம் முழுவதையும் மறுபடி சொல்ல வேண்டும். "ஃப்ளையிங் வேர்?" என்றால், விமானம் வரை விழுந்துவிட்டது, ஊர்ப்பெயர் மட்டும் போய்விட்டது. "டென்வர்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். "யூ மீன் திஸ் தர்ஸ்டே?" என்றால் எல்லாமே கேட்டாகிவிட்டது, இந்த வாரமா அடுத்த வாரமா என்பதில்தான் சந்தேகம். ஒரு "யா"வில் வேலை முடிந்தது. பார்த்தீர்களா? கேட்பவர் கொஞ்சம் கூடுதலாக உழைத்தால் சொன்னவரின் உழைப்பு அந்த அளவுக்குக் குறைகிறது. தனக்கு எவ்வளவு பிடிபட்டதோ அந்த அளவுக்குக் குறிப்பாகக் கேட்பதையே மனிதர்கள் விரும்புகிறார்கள் என்பது 12 மொழிகளிலும் தெரிந்தது. 'ஹா?' எதுவுமே கைக்குக் கிடைக்காதபோது எடுக்கும் கடைசி ஆயுதம்.

இன்னொன்று, கேள்விக்கு முன்னால் வரும் அந்தச் சின்ன மௌனம். சாதாரண பதில் 200 மில்லி விநாடியில் வந்துவிடும் என்றேன் அல்லவா? ரிப்பேர் கேள்வி அப்படிப் பாய்ந்து வருவதில்லை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் 700 மில்லி விநாடி வாக்கில்தான் வருகிறது. சரியாகக் கேட்கவில்லையோ என்று அலசக் கொஞ்ச நேரம் ஆகிறது, உண்மைதான். அதே சமயம் பேசியவர் தன் தவறைத் தானே திருத்திக்கொள்ளவும் அந்த இடைவெளி இடம் தருகிறது. பேச்சில் தவறைப் பேசியவரே திருத்திக்கொள்வதற்குத்தான் முன்னுரிமை என்று ஷெக்லாஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் என்ற உரையாடல் ஆய்வாளர்கள் மூவரும் 1977இலேயே காட்டிவிட்டார்கள். ஒரு விநாடி கூடப் பெறாத அந்தக் காத்திருப்பில் எவ்வளவு நாகரிகம் இருக்கிறது!

'ஹா?' விஷயத்துக்கு வருகிறேன். லாவோ, ஐஸ்லாந்து மொழி, கானா நாட்டின் சிவு, ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான முரின்பதா என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மொழிகளில் எல்லாம் இதற்கு ஏறக்குறைய ஒரே ஒலிதான். நம் வீட்டுப் பாட்டி "ஆங்?" என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சட்டென்று, நாக்கைப் புரட்டாமல், கேள்வித் தொனியில் சொல்ல வேண்டும் என்ற ஒரே நெருக்கடி எல்லா ஊரிலும் இருக்கிறது. வௌவாலுக்கும் பறவைக்கும் தனித்தனியாக இறக்கை வந்த மாதிரி, ஒரே தேவை ஒரே மாதிரிச் சொல்லை வார்த்திருக்கிறது. 'ஹா?' பற்றிய இந்த ஆய்வுக்கு 2015இல் இக்-நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. "இதற்கெல்லாமா காசு?" என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பேன். மனிதர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைவிடப் பெரிய கேள்வி என்ன இருக்கிறது?

வாசகிக்கு ஒரு விஷயம்: 'வாட்?' என்று கேட்காமல் 'சாரி?' என்று கேட்பவர், பிழை தன் பக்கம்தான், தான் சரியாகக் கேட்கவில்லை என்று ஏற்றுக்கொள்கிற மாதிரிக் கேட்கிறார். அடுத்த முறை பதறாமல் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாதபோது 'பார்டன்?' என்று மட்டும் நிறுத்தாமல், பிடிபட்டதைச் சொல்லி, நழுவியதைக் கேளுங்கள். ஆங்கிலப் பேச்சு வகுப்புகளில் முதல் வாரமே சொல்லித்தர வேண்டிய பாடம் இது.

சில சமயம் எல்லாமே காதில் விழும், எதற்காகச் சொன்னார்கள் என்பதுதான் மாறிப்போகும். ஷெக்லாஃப் ஆராய்ந்த ஒரு பதிவில் அம்மா மகனிடம், "அந்தக் கூட்டத்துக்கு யார் யார் போகிறார்கள் தெரியுமா?" என்கிறார். அம்மா ஏதோ செய்தி சொல்லப்போகிறார் என்று நினைத்த மகன் ஆவலாக "யார்?" என்கிறான். "எனக்குத் தெரியாது" என்கிறார் அம்மா. அம்மா உண்மையாகவே கேட்டிருக்கிறார் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. "ஓ..." என்று ஆரம்பித்து, வரக்கூடிய ஆசிரியர்கள் வரை அடுக்கத் தொடங்குகிறான்.