நாட்குறிப்பைக் கிழிக்காதீர்கள்

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டுக்குப் போனேன். தகரப் பெட்டியில், ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த பெரியவரின் நாட்குறிப்பு. 1943-ஐத் திருப்பினால் நான்கு மாதப் பக்கங்கள் இல்லை, தையலோடு கிழித்திருக்கிறார்கள். "சயாமுக்கு ஆள் பேர் எழுதிக் குடுத்ததெல்லாம் அதுல இருந்துச்சு. தாத்தா பேர் கெட்டுப்போகும்ல, அங்கிள்?" என்றார் பேரன்.

வாழ்க்கை வரலாறு எழுதுவது என் தொழில். இந்த ஆண்டில் இது மூன்றாவது வீடு.

சயாம் மரண ரயிலுக்கு, போர்க்காலத்தில் மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். அந்தப் பெரியவரிடம் எத்தனை பேரைக் கேட்டார்கள்? யாரையாவது நோயாளி என்று எழுதிக் காப்பாற்றினாரா? மறுத்து அடி வாங்கினாரா? அவருக்காகப் பேசக்கூடிய சாட்சியையும் சேர்த்தே கிழித்துவிட்டீர்கள். எனக்குப் பின் வருபவர் அந்தக் கிழிசலைக் குற்ற ஒப்புதலாகத்தான் படிப்பார்.

"முதலில் சொல்லுங்கள், தியாகியா துரோகியா?" எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி. எஸ்.ஏ. கணபதியை எடுத்துக்கொள்ளுங்கள். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் பிரிட்டிஷ் ஆட்சியினர் தூக்கிலிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு என்பது 1948-இல் வந்த அவசரகாலச் சட்டம். தியாகி என்றாலும் பயங்கரவாதி என்றாலும் அந்தச் சட்டம் கண்ணில் படாது. அது எப்போது வந்தது, யாருக்காக வந்தது என்று கேட்காமல் நான் ஒரு வரி எழுத முடியாது. "அப்படியானால் இரண்டு பக்கமும் பாதிப் பாதி போடுங்கள்" என்பார்கள். சான்றைக் கூறு கட்டிப் பிரிக்க இது மீன் சந்தையா?

எதையும் கிழிக்காதீர்கள். பழைய தாள்களை லேமினேட் செய்யாதீர்கள். படத்தின் பின்னால் பெயர் எழுதப் பேனா வேண்டாம், பென்சில் போதும். வெட்கமாக இருக்கிறதா? உறையில் போட்டு ஒட்டி, எந்த ஆண்டில் திறக்கலாம் என்று மேலே எழுதி வையுங்கள், நாங்கள் காத்திருப்போம். பெரியவர்கள் பேசும்போது தேதியைச் சொல்லிவிட்டுக் கைப்பேசியில் பதியுங்கள். "தாத்தா நல்லவர்தானே?" என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். ஜப்பான் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் தொண்ணூறை எட்டிவிட்டார்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

அந்தப் பேரனின் அத்தை செந்தூலில் இருக்கிறார், தொண்ணூற்று மூன்று வயது. இரவில் அப்பா எழுதியதைத் தாமே வாசித்துக்கொள்வதைச் சிறுமியாகக் கேட்டிருக்கிறாராம். வரும் ஞாயிறு போகிறேன்.