அறைக்கு எழுதிய பில் எங்கே போனது?

ஹோட்டலில் கம்ப்யூட்டர் கோளாறு என்றதும் ரிசப்ஷன் திரை உறைந்து நிற்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது பரவாயில்லை. எல்லார் கண்ணிலும் படும், உடனே யாரையாவது கூப்பிடுவார்கள். ஹோட்டலின் வெவ்வேறு சாஃப்ட்வேர்களை இணைக்கும் இன்டர்ஃபேஸ் வேலை பார்க்கிற எங்களுக்குக் கலக்கம் தருவது, எல்லாம் ஒழுங்காக ஓடுவதாகத் தெரியும்போது நடக்கும் தவறுதான்.

நடுத்தர ஹோட்டலில்கூட, அறைகளையும் விருந்தினர் கணக்கையும் வைத்திருக்கும் பி.எம்.எஸ். சாஃப்ட்வேரைச் சுற்றி ரெஸ்டாரன்ட் பில்லிங், தொலைபேசி, கதவுச் சாவி, வைஃபை, டிவி என்று பல இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி செய்தது. இவை தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பல இடங்களில் இன்றும் எஃப்.ஐ.ஏ.எஸ். என்ற பழைய முறைதான். ஃபிடெலியோ என்ற ஹோட்டல் சாஃப்ட்வேர் காலத்தில் பிறந்து, மைக்ரோஸ் கம்பெனி கைக்குப் போய், 2014-இல் மைக்ரோஸை ஆரக்கிள் வாங்கியபோது அதோடு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மெசேஜுக்கும் இரண்டெழுத்துப் பெயர். உள்ளே நெடுக்குக் கோடு போட்டுப் பிரித்த விவரங்கள். விருந்தினர் வந்தால் ஜி.ஐ., கிளம்பினால் ஜி.ஓ., அறைக் கணக்கில் பணம் ஏற்ற பி.எஸ்., அதற்குத் திரும்பி வரும் பதில் பி.ஏ.

சீரியல் கேபிள் நாட்களில் மெசேஜ் சிதையாமல் வந்ததா என்று செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணைப் பார்த்து, ஒப்புகையோ மறுப்போ திரும்பி வரும். இப்போது அந்த வேலையை நெட்வொர்க்கின் டி.சி.பி. முறையே பார்த்துக்கொள்கிறது. எதுவானாலும் அது மெசேஜ் போய்ச் சேர்ந்ததை மட்டுமே சொல்லும். கணக்கில் ஏறியதா என்பதை பி.ஏ.தான் சொல்ல வேண்டும். அந்த அறையில் ஆள் இல்லை, அந்த விருந்தினருக்கு அறைக் கணக்கில் எழுத அனுமதி இல்லை என்று அது மறுத்திருக்கலாம். அதைப் படிக்காமல், அனுப்பிய கையோடு பில்லை மூடிவிடும் ரெஸ்டாரன்ட் சாஃப்ட்வேர்களைப் பார்த்திருக்கிறேன். விருந்தினர் காலையில் கிளம்பிவிடுவார். ராத்திரிச் சாப்பாட்டுப் பணம் கேஷியர் தலையில் விடியும்.

இதைவிடச் சிக்கலானது, பதிலே வராத நிலை. பி.எஸ். போய்விட்டது, நேரம் கடந்துவிட்டது, பி.ஏ. வரவில்லை. பணம் ஏறவில்லையா, ஏறியபின் பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? அனுப்பியவருக்குத் தெரிய வழியில்லை. பெரும்பாலான புரோகிராமர்கள் இதைத் தோல்வி என்றே வைத்துக்கொண்டு மறுபடி அனுப்புகிறார்கள். ஒரே பிரியாணிக்கு இரண்டு பில் ஏறுவது இப்படித்தான். ஒவ்வொரு பி.எஸ்.ஸிலும் ஒரு வரிசை எண் இருக்கிறது. மறுபடி அனுப்பும்போதும் பழைய எண்ணையே போட வேண்டும். மெசேஜைப் பெறுபவர், இந்த எண்ணில் ஏற்கெனவே ஏற்றியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் இதைப் பார்க்கும் என்பதை இரண்டு கம்பெனிகளிடமும் எழுத்தில் வாங்குங்கள். கேட்காவிட்டால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றே இருப்பார்கள்.

இணைப்பு அறுந்த நேரத்தில் மனிதர்களே இரட்டைப் பில் போடுவதும் உண்டு. ரெஸ்டாரன்ட் கேப்டன், விருந்தினரிடம் கையெழுத்து வாங்கிய வவுச்சரை ரிசப்ஷனுக்குக் கொடுத்தனுப்புவார். அவர்கள் கையால் ஏற்றிவிடுவார்கள். அரை மணி கழித்து இணைப்பு வரும்போது, வரிசையில் காத்திருந்த பி.எஸ்.ஸும் உள்ளே போகும். இரண்டு பேரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்! கையால் ஏற்றியதும் காத்திருக்கும் வரிசையிலிருந்து அந்தப் பில்லை யார் நீக்குவது என்று முதலிலேயே முடிவு செய்யாததுதான் கோளாறு.

பணம் தவிர்த்த தவறுகளை ஹோட்டல்காரர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அவைதான் பெரிதாகப் படுகின்றன. ஒரு ஜி.ஓ. தொலைந்தால், போனவரின் பெயரே டிவியில் நிற்கும். அடுத்து வந்தவர் அதைப் படிப்பார். இதற்காகத்தான் இணைப்பு திரும்பியதும் இப்போது தங்கியிருப்பவர்கள் பட்டியலை முழுதாகக் கேட்டு வாங்கும் வசதி இருக்கிறது. அப்போது வரும் ஜி.ஐ.களில் எஸ்.எஃப். என்ற குறி இருக்கும்: இது புது செக்-இன் அல்ல என்று பொருள். அதைக் கவனிக்காத சாஃப்ட்வேர், தூங்கிக்கொண்டிருப்பவரின் விடிகாலை எழுப்பும் அழைப்பை அழித்துவிடலாம். விமானம் தவறும்.

அறை எண்ணை மட்டும் நம்பிப் பணம் ஏற்றக் கூடாது. புக்கிங் எண்ணும் பொருந்த வேண்டும். பெயரை வைத்துச் சரிபார்ப்பது நம்மூரில் எடுபடாது. ‘கே. முருகன்’ என்று கையெழுத்துப் போடுபவர் பாஸ்போர்ட்படி கந்தசாமி என்ற குடும்பப் பெயரில் பதிவாகியிருப்பார்.

தொகை தசமப் புள்ளி இல்லாமல் போகும். 1,250 ரூபாய் என்றால் 125000. ஒரு பக்கம் இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் நூறு மடங்கு, அவ்வளவுதான். முதல் நாளிலேயே தெரிந்துவிடும் என்பதால் ஆபத்து குறைவு.

அன்றைய கணக்கை முடிக்கும் நைட் ஆடிட் அப்படியில்லை. அது நடக்கும்போது பில்கள் காத்திருக்க வேண்டும். முடிந்தபின் எந்தத் தேதிக் கணக்கில் ஏறும் என்பது கடிகாரத்தைப் பொறுத்ததல்ல, ஹோட்டலின் கணக்குத் தேதியைப் பொறுத்தது. பின்னிரவு ரூம் சர்வீஸ் நடத்துகிறவர்கள் இதை நேரில் சோதித்தே ஆக வேண்டும்.

புது இன்டர்ஃபேஸை ஏற்றுக்கொள்ளும் முன் ஒன்று செய்யுங்கள். பில் அனுப்பிய நொடியில் கேபிளைப் பிடுங்குங்கள். கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பச் செருகி, விருந்தினர் கணக்கில் அந்தப் பில் எத்தனை முறை ஏறியிருக்கிறது என்று எண்ணுங்கள். “இதெல்லாம் நடக்காது சார்” என்று விற்பனையாளர் சொல்வார். சொல்லட்டும், எண்ணி முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.