விளிம்பை விட்டு விலக, முதலில் விளிம்பை நோக்கி

"அண்ணா, உள்ள திருப்ப முடியல!" என்ற குரல் கேட்டு நான் நின்று திரும்புவதற்குள் தம்பி பாதையில் இல்லை. ஒன்றரை அடி கீழே, தேயிலைச் செடிகளின் மேல் சைக்கிளோடு மல்லாந்து கிடந்தான். முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. ஆனால் அதே பாதையில் இன்னும் இருநூறு மீட்டர் போயிருந்தால் தேயிலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு வலப்பக்கம் வெறும் பாறைச் சரிவு.

குன்னூருக்குக் கிழக்கே, பக்காசுரன் கோட்டை என்று ஊர்க்காரர்கள் சொல்லும் துரூக் மலைப் பக்கம் அது. எஸ்டேட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு, பிப்ரவரி மாதத்துக் காலையில் மலைச் சைக்கிள்களோடு இறங்கினோம். இடப்பக்கம் வெட்டிய மண் சுவர், வலப்பக்கம் பள்ளம், பனிமூட்டம் விலகினால் வெகு கீழே மேட்டுப்பாளையம் சமவெளி. நடுவில் இரண்டடிக்குக் கொஞ்சம் கூடுதலான ஒற்றையடிப் பாதை.

தம்பி மூன்று வருடமாக மலையில் ஓட்டுகிறவன். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே அவன் சொன்னது: "ஓரத்துக்கு வந்துட்டேன்னு தெரிஞ்சுது. ஹேண்டில இடது பக்கம் திருப்பப் பாத்தேன். திருப்பினா வண்டி வலது பக்கம் சாயுதுண்ணா."

அவன் சொன்னது முழுக்கச் சரி. சைக்கிள் எப்படித் திரும்புகிறது என்பதன் மொத்த இயற்பியலும் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது.

சின்ன வயதில் வாடகை சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்களுக்கு, பின்னால் சீட்டைப் பிடித்து ஓடி வந்தவர்கள் கத்தியது நினைவிருக்கும்: "விழற பக்கம் ஹேண்டில ஒடி!" சைக்கிள் நிமிர்ந்து நிற்பதற்கான விதி அதுதான். வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் திருப்ப வேண்டும். அப்போது இரண்டு சக்கரங்களும் சாய்கிற உடலுக்கு அடியில் ஓடிவந்து முட்டுக் கொடுக்கின்றன. உள்ளங்கையில் நீளமான கம்பை நிறுத்துவதும் இதே வேலைதான். கம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையை நகர்த்துகிறோம்.

இப்போது அந்தக் கம்பை விழாமல் இடப்பக்கமாக எடுத்துப் போக வேண்டும் என்று வையுங்கள். கையை நேராக இடப்பக்கம் நகர்த்தினால் கம்பு வலப்பக்கம் விழும். அதனால் முதலில் கையைச் சற்றே வலப்பக்கம் இழுக்கிறோம். கம்பு இடப்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வைத் துரத்திக்கொண்டு கை இடப்பக்கம் போகிறது. சைக்கிளும் அப்படித்தான் திரும்புகிறது. இடப்பக்கம் போக வேண்டுமென்றால் முதலில் ஹேண்டில்பார் ஒரு கணம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். சக்கரங்கள் வலப்பக்கம் நகர, உடல் இடப்பக்கம் சாய, அதன் பிறகே இடப்பக்கத் திருப்பம். நாம் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம், செய்கிறோம் என்று தெரியாமலே. விமானத்துக்கு முன்பு சைக்கிள் கடை நடத்திய வில்பர் ரைட், இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று பல டஜன் பேரிடம் கேட்டுப் பார்த்தவர். முதல் தடவையிலேயே முழுதும் சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை என்று பதிவு செய்திருக்கிறார்.

சுழலும் சக்கரம் பம்பரம்போல் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கிறது என்ற விளக்கத்தைப் பலரும் பள்ளியில் கேட்டிருப்போம். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்பவர், எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை முன்பக்கம் பொருத்தி அந்தப் பம்பர விளைவை ரத்து செய்து பார்த்தார். அப்போதும் அந்த சைக்கிளை ஓட்ட முடிந்தது. 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் பம்பர விளைவும், தள்ளுவண்டிச் சக்கரம்போல் முன்சக்கரம் பின்னிழுபடும் அமைப்பும் இரண்டுமே இல்லாத ஒரு வண்டியைச் செய்து, ஆள் இல்லாமலே அதை நிமிர்ந்து ஓட வைத்தார்கள். விழுகிற பக்கம் திரும்புகிற குணம் எப்படியாவது வண்டிக்கு இருந்தால் போதும். பின்னால் ஓடி வந்து கத்தியவர்கள் சொன்னது அதைத்தான்.

தம்பியின் நிலைமைக்கு வருவோம். அவன் சக்கரம் விளிம்பிலிருந்து மூன்று விரற்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் போக, சக்கரம் முதலில் வலப்பக்கம் போயாக வேண்டும். வலப்பக்கம் இடமில்லை. வெறும் 5 டிகிரி இடப்பக்கம் சாய வேண்டுமென்றால், தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கும் நிறைமையத்துக்கும் சக்கரத் தடத்துக்கும் நடுவே பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் இடைவெளி விழ வேண்டும். அதில் ஒரு பங்கை உடல் உள்ளே சாய்ந்து கொடுக்கும். மீதிப் பங்கைச் சக்கரம் வெளியே போய்த்தான் கொடுக்க முடியும். பயந்துபோய் நேராக இடப்பக்கம் ஒடித்தால், சக்கரங்கள் உடலுக்கு அடியிலிருந்து இடப்பக்கம் நழுவுகின்றன, உடல் பள்ளத்துப் பக்கம் சாய்கிறது. சாய்வைச் சரிசெய்ய ஹேண்டிலை வலப்பக்கம் திருப்ப வேண்டும், அதாவது பள்ளத்துக்குள். விளிம்பு ஒரு பொறிபோலப் பிடித்துக்கொள்கிறது. சமவெளியிலும் இதைப் பார்க்கலாம்: தார்ச்சாலை ஓரத்து மண் பள்ளத்தை ஒட்டி ஓட்டுகிறவர்கள் மேலே ஏறி வர முடியாமல் விழுவது பலமுறையும் இந்தக் காரணத்தால்தான்.

அப்படியானால் ஏன் ஓரத்துக்குப் போனான்? ஹேண்டில்பார் அகலம் 78 சென்டிமீட்டர். பாதையின் அகலமோ 65 இருக்கலாம். பாதையின் நடுவில் ஓட்டினாலே இடக்கைப் பிடி மண் சுவரின் மேல் வந்து நிற்கும். வேரில் முட்டிவிடுமோ என்ற பயத்தில் கை தானாக வலப்பக்கம் விலகும். உட்பக்கப் பெடல் கீழே இருந்தால் இன்னும் மோசம். அது மண்ணில் தட்டினால் வண்டி வெளிப்பக்கம் தள்ளப்படும். உட்பக்கப் பெடலை மேலே நிறுத்தி, இடத்தோளைச் சற்று உயர்த்தி, பிடி சுவருக்கு மேலே காற்றில் போகிற மாதிரி ஓட்டினால் அந்த ஒரு சாண் இடம் மிஞ்சும். அந்த ஒரு சாணுக்காகப் பழகிய நாட்கள் எனக்கு நிறைய.

பாதையின் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலைச்சரிவில் பாதை போடும்போது மேல்பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் கொட்டிச் சமமாக்குவார்கள். அதனால் பாதையின் உட்பாதி அசையாத பழைய மண். வெளிப்பாதி கொட்டிய மண். மழைநீர் வடிவதற்காக வெளிப்பக்கம் இலேசான சாய்வும் இருக்கும். இடப்பக்கம் திரும்பும்போது டயர் மண்ணை எதிர்த்திசையில், பள்ளத்தை நோக்கித் தள்ளுகிறது. எந்த மண் மிகத் தளர்வாக இருக்கிறதோ அந்த மண்ணின் மேலேயே அந்தத் தள்ளல் விழுகிறது. இலை மூட்டையைத் தலையில் சுமந்து வரும் பெண்கள் எப்போதும் சுவரை ஒட்டியே நடப்பதை அங்கே கவனித்திருக்கிறேன்.

பயம் வந்தால் நாம் எல்லோரும் செய்வது வேகத்தைக் குறைப்பது. ஓரளவுக்கு மேல் அது எதிராக வேலை செய்யும். வண்டி 3 டிகிரி சாய்ந்துவிட்டது, அதை நிமிர்த்த வேண்டும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 15 கிலோமீட்டரில் போனால் முன்சக்கரத்தை 2 டிகிரி திருப்பினால் போதும். மணிக்கு 5 கிலோமீட்டரில் அதே வேலைக்கு 18 டிகிரி தேவை. திருப்புவிசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் மூன்றில் ஒன்றானால் ஒன்பது மடங்கு ஒடிக்க வேண்டும். மெதுவாகப் போகும் சைக்கிள் பாம்புபோல நெளிவது இதனால்தான். நெளிவுக்கு அகலம் வேண்டும். அகலம் இல்லாத இடத்தில் நடக்கும் வேகத்தில் ஓட்டுவதைவிட, இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது பாதுகாப்பானது. மூன்று இடங்களில் நான் அன்று இறங்கி நடந்தேன்.

கண்ணைப் பற்றி எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்த ஒன்று உண்டு. பள்ளத்தைப் பார்த்தால் ஏன் கால் கூசுகிறது? அசையாமல் நிற்கிறோம் என்று நினைக்கும்போதும் உடல் ஓரிரு சென்டிமீட்டர் ஆடிக்கொண்டே இருக்கிறது. அருகில் உள்ள பொருட்கள் கண்ணில் நகர்வதை வைத்து மூளை அந்த ஆட்டத்தை அளந்து திருத்துகிறது. இரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு தேயிலைச் செடி இருந்தால், உடல் 2 சென்டிமீட்டர் ஆடும்போது அது கண்ணில் அரை டிகிரிக்கு மேல் நகரும். எதிரே 200 மீட்டருக்கு ஒன்றுமே இல்லை என்றால் அந்த நகர்வு நூறில் ஒரு பங்கு. கண்ணுக்கு அது நகரவே இல்லை. காதின் உட்பகுதியும் பாதமும் ஆடுகிறாய் என்கின்றன, கண் இல்லை என்கிறது. அந்த முரண்பாடுதான் தலைசுற்றல். பாதையிலேயே ஐந்தாறு மீட்டர் முன்னால் பார்த்து ஓட்டச் சொல்வது மனதைத் தேற்றுவதற்கு மட்டும் சொன்ன வார்த்தை இல்லை. மூளைக்கு அளவுகோல் ஒன்றைத் திருப்பிக் கொடுப்பது. தலை திரும்பும் பக்கம் தோளும், தோளின் பக்கம் கையும் போவது இன்னொரு காரணம்.

அடுத்தது பிடிப்பு. மலை ரயிலில் குன்னூர் ஏறும்போது கல்லாரிலிருந்து தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். 12 அடிக்கு 1 அடி ஏறும் அந்தச் சரிவில் இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையிலான உராய்வு ரயிலை இழுக்கப் போதாது. அதனால் 1899 முதல் குன்னூர் வரை பற்சக்கரம்தான் ரயிலைத் தூக்குகிறது. நம்மிடம் இருப்பது ரப்பரும் செம்மண்ணும். காய்ந்திருந்தால் நல்ல பிடிப்பு, பனி ஈரம் பட்டால் சோப்பு. அந்தப் பிடிப்பு ஒரே ஒரு கையிருப்பு. பிரேக்கும் திருப்பமும் அதிலிருந்தே செலவு செய்கின்றன. இரண்டு விசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து என்பதால் கணக்கு பிதாகரஸ் முக்கோணத்தில் போகும். 80 சதத்தைப் பிரேக்குக்குக் கொடுத்தால் திருப்பத்துக்கு 60 சதம் மிஞ்சும். தாராளமாகத்தான் தெரியும். ஆனால் 100 சதத்தையும் கொடுத்துச் சக்கரம் இறுகிவிட்டால் மிஞ்சுவது பூஜ்யம். இறுகிய முன்சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது போகிற திசையிலேயே வழுக்கும். நிமிர்ந்து நிற்பதே திருப்புவதால்தான் என்பதால், திருப்பம் இல்லாத அந்த நொடியில் சைக்கிள் வெறும் கம்பு.

ஆகவே பிரேக் வளைவுக்கு முன்னால், நேர்ப்பாதையில். 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு 20 டிகிரி சாய்வு போதும். 20 கிலோமீட்டருக்கு 32 டிகிரி. சரிவில் முன்பிரேக்குக்கு இன்னொரு எல்லையும் உண்டு. உட்கார்ந்த நிலை மாறாமல் இருந்தால், சமதளத்தில் குட்டிக்கரணம் அடிக்காமல் குறைக்கக்கூடிய வேகத்தில் பாதிகூட 17 டிகிரி இறக்கத்தில் குறைக்க முடியாது. சீட்டைக் கீழே இறக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, எடை முழுவதையும் பெடலில் வைப்பது இதற்காக.

பிரேக் பிடித்த சக்தி எங்கே போகிறது என்று கேட்டால், சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டில் சூடாக. வண்டியும் ஆளும் சேர்ந்து 90 கிலோ, இறக்கம் 350 மீட்டர் என்றால் வெளியாகும் ஆற்றல் ஏறத்தாழ 3 லட்சம் ஜூல். குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும்; ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க இது சரியாகப் போதும். மெதுவான ஒற்றையடிப் பாதையில் காற்று எடுத்துக்கொள்வது சொற்பம், பெரும்பங்கு பிரேக் தட்டுக்கே. இடையிடையே நின்று ஆறவிட வேண்டும். நாங்கள் அப்படி நின்ற இடத்தில் கீழே சரிவில் இரண்டு காட்டுமாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை நகரும்வரை அரை மணி நேரம் காத்திருந்தோம். பிரேக் நன்றாகவே ஆறியது.

மதியம் கோட்டைப் பக்கத்திலிருந்து அதே பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினோம். தம்பி விழுந்த இடத்துக்குச் சற்று முன்னால், நிழலில் ஈரம் காயாத செம்மண்ணில் காலையில் நாங்கள் இறங்கிய டயர் தடங்கள் அச்சடித்தாற்போல் இருந்தன. அங்கே பாதை மலையின் மடிப்புக்குள், இடப்பக்கம் வளைகிறது. என் தடம் பாதையின் உட்பாதியில் வந்து, வளைவு தொடங்குவதற்கு ஒரு மீட்டர் முன்னால் வலப்பக்கம் நான்கு விரற்கடை புடைத்து, அதன் பிறகு உள்ளே திரும்பியிருந்தது. நான் அதைச் செய்ததாக எனக்கு நினைவே இல்லை. தம்பியின் தடம் விளிம்பை ஒட்டி நேராக வந்து, புடைக்க இடமில்லாமல் அப்படியே முடிந்திருந்தது.

அவன் குனிந்து என் தடத்தின் புடைப்பை விரலால் அளந்தான். பிறகு வண்டியை இருபது மீட்டர் மேலே தள்ளிக்கொண்டு போய், பெடலை மாற்றி நிறுத்தி, சுவர்ப் பக்கமாக இறங்கி வந்தான்.